தட்டிக்கு அந்தப் பக்கம்

சுடலைமுத்து சாருக்கு அலுப்பு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்றால் மாத்திரை உண்டு. இதற்கு அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போய்வந்தால் அலுப்பு கூடியது.

ஒவ்வொரு பயிற்சியிலும் புதிதாக ஒரு கைதட்டல் சொல்லிக் கொடுப்பார்கள். மழைக் கைதட்டல், பட்டாசுக் கைதட்டல், தோசைக் கைதட்டல். ஐம்பத்துமூன்று வயதில், சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரையை வைத்துக்கொண்டு, அவர் தோசைக் கைதட்டல் தட்டினார். திரும்பி வந்து ஏழாம் வகுப்பிலும் தட்டிக் காட்டினார். முதல் நாள் பிள்ளைகள் கூடச் சேர்ந்து தட்டினார்கள். மறுநாள் அவர் மட்டும் தட்டினார்.

அவருடைய பள்ளிக்கூடம் ஆலடிக்கரை ஒன்றிய நடுநிலைப் பள்ளி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பள்ளி நடக்கிற சனிக்கிழமையாகப் பார்த்து, சுற்றுவட்டாரத்து வாத்தியார்கள் ஏழு பேர் ஏதாவது ஒரு பள்ளியில் கூடுவார்கள். யாரும் உத்தரவு போட்டுக் கூட்டியதில்லை. அதனால் போலி உற்சாகமும் இல்லை, ஓடிப்போவதும் இல்லை. ஒருவர் பாடம் எடுப்பார். மற்றவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு டீ குடித்தபடி பேசுவார்கள். பாடம் எடுத்தவர் கடைசியாகத்தான் வாய் திறக்க வேண்டும். அது சட்டம்.

எல்லாரும் பேசி முடித்ததும் எல்லார் முகமும் அருள்மேரி டீச்சர் பக்கம் திரும்பும். அது சட்டம் இல்லை, பழக்கம்.

அருள்மேரி டீச்சர் அதே ஆலடிக்கரையில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவர். சுடலைமுத்து சாரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பதவி உயர்வு வந்தபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர். கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. முதலில் கேலியாகத்தான் 'குருவம்மா' என்றார்கள். நாளடைவில் கேலி தேய்ந்து பெயர் மட்டும் நின்றது.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் ஆலடிக்கரையில். பாடம் எடுக்கும் முறை சுடலைமுத்து சாருடையது.

காலையில் கேட்டுக்குள் நுழைந்ததுமே ஹெட்மாஸ்டர் கோமதிநாயகம் மறித்துக்கொண்டார். எந்த விஷயத்தையும் மூன்று தடவை சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. மூன்றாவது தடவை காதோரமாகச் சொல்வார்.

"சார், வட்டார அலுவலகத்துல ஆள் கேக்காங்க. பிள்ளைங்க விவரத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை. உக்காந்த இடம். மேல ஃபேன். சாக்பீஸ் தூசி கிடையாது. உக்காந்த இடம் சார்."

"எத்தனை நாளைக்கு?"

"நீங்க ரிட்டையர் ஆகுற வரைக்கும்னு வச்சுக்கோங்களேன். ரெண்டு மணிக்கு ஆள் வருவாரு. 'சம்மதம்'னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

"அப்போ ஏழாம் வகுப்புக்கு?"

"வேற ஆள் போட மாட்டாங்க. அறிவியலை அதுகளே வாசிச்சுக்கிட வேண்டியதுதான். அதையெல்லாம் பாத்தா முடியுமா?" அவர் காதோரமாகக் குனிந்தார். "உக்காந்த இடம் சார்."

பத்து மணிக்குப் பாடம் தொடங்கியது. ஒலி பற்றிய பாடம். சுடலைமுத்து சார் இசைக்கவையை மேஜை விளிம்பில் தட்டித் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார். தண்ணீர் தெறித்தது.

"ஏன் தெறிக்குது?"

"அதிர்வு சார்!" முப்பத்தெட்டுத் தொண்டையும் ஒரே தொண்டையாகச் சொன்னது.

"அதிர்வு இல்லேன்னா?"

"ஒலி இல்ல சார்!"

எல்லாக் கண்ணும் கரும்பலகையில் இருந்தது. ஒருவரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நாற்பது நிமிஷமும் பென்சில் விழுகிற சத்தம்கூட இல்லை.

டீ வந்ததும் பக்கத்து ஊர்ப் பள்ளி தனலட்சுமி டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "என்ன சார் இது, வசிய மருந்து எதும் வச்சீங்களா? என் வகுப்புல ஒரு ஈ பறந்தாப் போதும், முப்பது தலையும் அது பின்னாலயே போகும். ஈ உக்காந்தாத்தான் நான் பாடம் எடுக்க முடியும்."

பிரிட்டோ சார் வேலைக்கு வந்து மூன்று வருஷம். நோட்டைப் புரட்டினார். "பங்கேற்பு நூறு சதவீதம். குரல் ஏற்ற இறக்கம் செம்ம. போர்டு ஒர்க் செம்ம. நடந்துக்கிட்டே எடுத்தீங்க பாருங்க, அது ரொம்ப செம்ம. ஒன்பது பாயிண்ட் எழுதியிருக்கேன் சார்."

ஒன்பதும் சுடலைமுத்து சாரைப் பற்றியவை.

அவருடைய முறை வந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வியாழக்கிழமையே நடத்தின பாடம். நேத்து ஒத்திகை பாத்தோம்."

பிரிட்டோ சாரின் பேனா நின்றது. தனலட்சுமி டீச்சர் சிரித்துவிட்டார். "அட, ஊரு உலகத்துல எல்லாரும் செய்றதுதான சார்! நான் போன மாசம் மூணு தடவை ஒத்திகை பாத்தேன். மூணாவது தடவை அதுகளே எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு."

"எனக்குத் தெரியும் சார்" என்றார் அருள்மேரி டீச்சர்.

"எப்படி?"

"ஒரு பிள்ளைகூடத் தப்பாச் சொல்லல."

சுடலைமுத்து சார் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"திங்கக்கிழமை வந்து பாருங்க டீச்சர். முப்பத்தெட்டும் வேற எங்கயோ இருக்கும். நான் சொல்றதுல ஒத்தைச் சொல்லு மண்டையில நிக்காது. கைதட்டிப் பாத்தாச்சு. பாட்டுப் பாடியாச்சு, இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு. பெஞ்சை வட்டமாப் போட்டா நல்லதுன்னாங்க, போட்டேன். வட்டமா உக்காந்து தூங்குச்சுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு வழி சொல்லுங்க. கவனிக்க வைக்க ஒரே ஒரு வழி. ரெண்டு மணிக்குள்ள சொல்லணும். இல்லேன்னா சம்மதம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன். எனக்கு முடியல டீச்சர்."

சிரிப்பு அடங்கிப்போனது.

அருள்மேரி டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"சாப்பாடு கொண்டாந்திருக்கீங்களா சார்?"

"எலுமிச்சம்பழச் சாதம்."

"மத்தியானம் என் வகுப்புல வந்து சாப்பிடுங்க."

ஒன்றாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் உண்மையில் ஒரே அறை. நீளமான கூடத்தை நடுவில் மரத்தட்டி வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். தட்டி ஆள் உயரம் இருக்கும். ஆளை மறைக்கும், சத்தத்தை மறைக்காது.

மத்தியானம் சின்னப் பிள்ளைகள் சத்துணவுக் கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். தட்டியை ஒட்டிக் கிடந்த நாற்காலியை அருள்மேரி டீச்சர் காட்டினார்.

"அதுல உக்காருங்க. நான் தினம் உக்காருற இடம்."

"நீங்க?"

"நான் இங்க" என்று ஒரு முழ உயரப் பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க, உட்கார்ந்துகொண்டார். "சாப்பிடுங்க சார்."

அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டு திரும்பி வரும் சத்தம் கேட்டது. வெயிலில் மைதானத்துக்குப் போகக் கூடாதென்று ஹெட்மாஸ்டர் மூன்று தடவை சொல்லியிருந்தார்.

நாற்காலியை யாரோ இழுத்தார்கள். ஒரு கால் வளைந்த நாற்காலி. கிர்ரீக் என்றது.

பிறகு ஒரு பெருமூச்சு. நீளமாகக் கிளம்பி, நடுவில் ஒரு படி இறங்கி, இன்னொரு படி இறங்கி, "முருகா" என்று தரையில் உட்கார்ந்தது.

சுடலைமுத்து சார் திடுக்கிட்டார். அது அவருடைய பெருமூச்சு. ஆனால் அவர் வாயில் சோறு இருந்தது.

"வணக்க்க்கம் சா...ர்" என்றது தட்டிக்கு அந்தப் பக்கம்.

"ம். உக்காரு. உக்காருலே. வராதவன்லாம் கையத் தூக்கு." அவருடைய குரல். அவருடைய மூக்கடைப்பு. "எங்க விட்டேன்? எங்கயோ விட்டேன். சரி, பக்கம் நாப்பத்தஞ்சு எடு."

விரலை நக்கித் தாளைப் புரட்டும் சத்தம்கூட வந்தது.

"ஒலி என்பது... மணி என்ன ஆச்சு... ஒலி என்பது ஒரு வகை... ஏலே, ஜன்னல்ல என்ன? உங்க மாமன் வாரானா? ஒலி என்பது ஒரு வகை... ஸ்ஸ், இந்த முழங்காலு... ஆற்றல். எழுதிட்டியா? எழுதியிருப்ப."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"கவனி." அது வாத்தியார். "கவனி!" அது போலீஸ்காரர். "கவனிங்கப்பா..." அது பஸ் ஸ்டாண்டில் தட்டேந்துகிறவர். மூன்றும் அவரே. இந்த வரிசையில்தான் சொல்கிறார் என்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

"யாரு இது?" என்றார் கிசுகிசுப்பாக.

"இசக்கிப்ரியா."

மூன்றாவது பெஞ்சு. டெஸ்கில் தலையைக் கவிழ்த்துக் கிடக்கிறவள். அவள் கண் திறந்து அவர் பார்த்ததே அபூர்வம்.

அந்தப் பக்கம் ஒரு மெல்லிய குரல் எழுந்தது. யாரோ ஒருத்தி பிள்ளை வேஷம் போட்டிருந்தாள்.

"சார், ஒரு சந்தேகம் சார்."

"ம்?"

"போன்ல நம்ம பேசுறதைப் பதிஞ்சு கேட்டா, அது ஏன் சார் நம்ம குரல் மாதிரியே இருக்க மாட்டேங்கு?"

இசக்கிப்ரியாவின் சுடலைமுத்து சார் இன்னொரு பெருமூச்சு விட்டார். இது சின்னது, ஒரே படி.

"அது போர்ஷன்ல இல்ல. உக்காரு."

அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

"ஏட்டி கார்த்தீஸ்வரி, அன்னைக்கு இப்படித்தான சொன்னாரு?" என்றது ஒரு குரல்.

"ம்" என்றது இன்னொன்று.

சுடலைமுத்து சார் யோசித்துப் பார்த்தார். கேள்வி நினைவில்லை. பதில் நினைவில்லை. கார்த்தீஸ்வரி என்றால் எந்த முகம் என்றும் தெரியவில்லை. கையிலிருந்த சோற்றை மறுபடியும் டப்பாவிலேயே வைத்தார்.

"எத்தனை நாளா நடக்கு இது?"

"ஜூலையில இருந்து. மழை பெஞ்சா ரெண்டு காட்சி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா டீச்சர்?"

"நீங்க இன்னைக்குத்தான சார் கேட்டீங்க."

"கோவம் வரணும் எனக்கு. வர மாட்டேங்கு. அதுக்கும் ஒரு சத்து வேணும் போல." டப்பாவை மூடினார். "அந்தப் பெருமூச்சு... நெசமாவே அப்படியா விடுதேன்?"

"ரெண்டாவது படி இன்னும் கொஞ்சம் கீழ இறங்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பக்கத்துச் சுடலைமுத்து சார் இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஊதும் சத்தம் கேட்டது.

"சார், இதுக்கு எத்தனை மார்க் போடலாம்?" என்றார் அருள்மேரி டீச்சர்.

முப்பது வருஷம் பேப்பர் திருத்திய கை. பொய் மார்க் போட்டுப் பழக்கமில்லை. அவர் நன்றாக யோசித்தார்.

"நூத்துக்கு நூறு."

"ம்."

"ஒரு பிசிறு விடல. ஒண்ணுகூட விடல." டப்பாவைக் கீழே வைத்தார். "கார்த்தீஸ்வரி அந்தக் கேள்விய என்னைக்குக் கேட்டா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? உங்க வகுப்பு."

அவர் எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

"வழி கேட்டேனே டீச்சர்."

"பெல் அடிக்கப் போகுது சார். கையக் கழுவுங்க."

பெல் அடித்தது. வராந்தாவில் வந்தபோது வேப்பமரத்தடியில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்பதைப் பார்த்தார். இரண்டு மணிக்கு வர வேண்டிய ஆள் முன்னாலேயே வந்திருந்தார். ஹெட்மாஸ்டர் அறை வாசலில் ஃபைலால் விசிறிக்கொண்டு நின்றார். அந்த அறைக்கு இருபது அடி. ஏழாம் வகுப்புக்கு ஐந்து அடி. சுடலைமுத்து சாருக்கு முழங்கால் வலித்தது. பக்கத்தில் இருந்த வாசலுக்குள் நுழைந்தார்.

"வணக்க்க்கம் சா...ர்."

இசக்கிப்ரியா ஏற்கெனவே கவிழ்ந்துவிட்டாள்.

அவர் நாற்காலியை இழுத்தார். கிர்ரீக். இரண்டாவது பெஞ்சில் நாலைந்து பேர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். பெருமூச்சு ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்புவதை, தூரத்தில் பஸ் வருவதைப் பார்ப்பதுபோல, அவர் பார்த்தார். நிறுத்தப் பார்த்தார். பாதி வந்துவிட்டது.

"கார்த்தீஸ்வரி யாரு?"

தூணை ஒட்டிய பெஞ்சில், இரட்டைச் சடைக்காரி ஒருத்தி, அடி வாங்கப் போகிறவள் மாதிரி எழுந்தாள்.

"நீ ஒரு கேள்வி கேட்டியே."

"நான் கேக்கல சார்."

"போன்ல பதிஞ்ச குரலு."

"நான் இல்ல சார். சத்தியமா நான் கேக்கல சார்."

மூன்றாவது பெஞ்சில் இசக்கிப்ரியாவின் தலை மெதுவாக மேலே வந்தது. அவள் தட்டியைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். மறுபடி தட்டியைப் பார்த்தாள்.

"கேட்டிருக்க. அன்னைக்கு அது போர்ஷன்ல இல்லன்னு சொல்லிட்டேன்." அவர் மூக்கைச் சொறிந்தார். "இன்னைக்கும் இல்ல."

எங்கேயோ ஒரு சிரிப்பு வந்து நடுவழியில் பயந்து நின்றது.

"எல்லாரும் விரலால ரெண்டு காதையும் அடைங்க. வாயை மூடிக்கிட்டு 'ம்'முன்னு சொல்லுங்க. நானும் சொல்லுதேன்."

ஒத்திகை பார்க்காத வகுப்பு. ஒருவன் காதை அடைத்துக்கொண்டு "என்ன சார் சொன்னீங்க?" என்று கத்தினான். ஒருத்தி மூக்கை அடைத்தாள். தேன்கூட்டில் கல் விழுந்தது போலக் கூடம் முழுக்க முனகியது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து முனகியது. சத்தம் கேட்டுப் பிரிட்டோ சாரும் தனலட்சுமி டீச்சரும் பின்வாசல் வழியாக வந்து கடைசி பெஞ்சில் ஒடுங்கினார்கள். பிரிட்டோ சார் நோட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையில் போட்டுவிட்டுக் காதை அடைத்துக்கொண்டார்.

"சார், உள்ள இருந்து கேக்கு சார்!"

"மண்டை அதிருது சார்!"

"என் குரல் தடியா இருக்கு சார், எங்க அப்பா மாதிரி!"

"நீங்க பேசுறது வெளிய காத்து வழியாவும் உங்களுக்குக் கேக்கு. உள்ள எலும்பு வழியாவும் கேக்கு" என்றார் சுடலைமுத்து சார். "போனுக்கு எலும்பு கிடையாது. அதுக்கு வெளிய வாரது மட்டுந்தான் கேக்கும்."

கார்த்தீஸ்வரி உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தாள்.

"சார்."

"ம்?"

"அப்போ மத்தவங்களுக்குக் கேக்குற நம்ம குரல், நம்மளுக்குத் தெரியவே தெரியாதா சார்?"

அவர் அவளைப் பார்த்தார். மணியைப் பார்க்கவில்லை.

"மத்தவங்க சொன்னாத்தான் தெரியும். வேணும்னா இசக்கிப்ரியாகிட்டக் கேளு. அவளுக்கு எல்லார் குரலும் வரும்."

வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது. இசக்கிப்ரியா டெஸ்குக்கு அடியில் போய்விட்டாள். பிறகு யார் முதலில் சிரித்தார்களோ தெரியாது, கூரை ஓடு குலுங்கியது. கடைசி பெஞ்சில் தனலட்சுமி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னொரு தடவை சார்! இன்னொரு தடவை அடைப்போம் சார்!"

"சரி. இந்தத் தடவை 'ஆ'ன்னு சொல்லிப் பாருங்க. மாறுதான்னு பாப்போம். எனக்கும் தெரியாது."

நாற்பத்தோரு பேர் காதை அடைத்தார்கள். சுடலைமுத்து சாரும் கண்ணை மூடிக்கொண்டு 'ஆ' என்றார். மண்டைக்குள் அவருடைய குரல் கனமாக உருண்டது. அதில் அலுப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தார். இருந்தது.

கண்ணைத் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஹெட்மாஸ்டர் நின்றார். அவர் பின்னால் ஃபைல்காரர். ஹெட்மாஸ்டரின் வாய் மூன்று தடவை திறந்து மூடியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்பு வாசலிலிருந்து அருள்மேரி டீச்சர் வெளியே வந்தார், கையில் ஒரு குழந்தையின் தண்ணீர்ப் பாட்டிலோடு.

சுடலைமுத்து சார் ஒரு காதிலிருந்து மட்டும் விரலை எடுத்தார். ஹெட்மாஸ்டரின் குரல் கேட்டது.

"என்ன டீச்சர் இது, கூப்பிடக் கூப்பிடத் திரும்ப மாட்டேங்காரு. ரெண்டு மணி ஆச்சு. இவரு எவ்வளவு நேரம் நிப்பாரு? சம்மதமா இல்லையான்னு கேளுங்க. சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

அருள்மேரி டீச்சர் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வகுப்பு நடக்குது சார்."